ஓட்டை இல்லாத போர்க்கப்பல்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு பேனை பிடித்ததைவிட றெசின் பசை தடவுகிற தூரிகை பிடித்ததுதான் அதிகம். அதனால் என் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். பிழைகளும் இருக்கும். எங்கே சின்ன ‘ர’ போடுவது, எங்கே பெரிய ‘ற’ போடுவது என்பதை அந்தக் காலத்தில் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். இப்போது பார்ப்பதற்கு முகம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்குக் களைத்துவிட்டது. கப்பல் கதையை எங்கள் வீட்டில் சொல்லாத நல்லநாள் பெருநாள் கிடையாது. சொல்லச் சொல்ல அந்தக் கப்பலும் வளர்ந்துகொண்டே போகிறது. உண்மையில் அது என் முழங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். போன நத்தாருக்கு என் மனைவி பிலோமினா கையை விரித்துக் காட்டியபோது அது குசினிக் கதவால் உள்ளே வராத அளவுக்குப் பெருத்திருந்தது. அடுத்த நத்தாருக்கு அதில் ஆட்களை ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி ஒரு கடதாசியில் இருக்கட்டும்.

கூச்சமுள்ளவர்கள் எல்லோரும் சாதுவானவர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. பிழையான நினைப்பு. கூச்சமுள்ளவனைப்போல ஆபத்தானவன் வேறு இல்லை. சண்டைக்காரன் ‘மாட்டன்’ என்பான், விஷயம் அதோடு முடிந்துவிடும். கூச்சமுள்ளவன் எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ என்பான். என்ன கேட்டார்கள் என்று தெரியாமலே ஓம் என்பான். பிறகு வீட்டுக்குப் போய், எதற்கு ஓம் என்றோம் என்று யோசித்துக்கொண்டிருப்பான். நான் அந்த இனம்.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கடற்கரை. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கரையில் வள்ளம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பிறகு வந்ததெல்லாம் பைபர் வள்ளங்கள். அவை பாறையில் உரசும், கடலடிப் பாரில் ஏறும், பிளக்கும். பிளந்ததை ஒட்டுவது என் தொழில். நார் விரிப்பான பைபர் மற்றை வெட்டி வைத்து, றெசின் தடவி, காயவிட்டு, தேய்த்து, நீல நிறம் பூசிவிட்டால் வள்ளம் மறுபடி கடலுக்குப் போகும். இந்த வேலையில் படிக்க வேண்டிய பாடம் ஒன்றே ஒன்றுதான். ஓட்டை இருந்தால் அடை. நல்ல ஓட்டை, கெட்ட ஓட்டை என்று எங்கள் தொழிலில் பிரிவு கிடையாது.

இந்தப் பாடத்தோடுதான் நான் சம்பந்தம் பேசப் போனேன்.

மகள் ஜெனிற்றா வவுனியா ஆஸ்பத்திரியில் தாதி. அங்கே இரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை செய்கிற ஜூட் என்ற பெடியனை விரும்பிவிட்டாள். பெடியன் தங்கமானவன். தகப்பன் செபமாலை ஐயா இளைப்பாறிய நில அளவையாளர், அவரும் தங்கமானவர். தாய் றெஜினா அம்மா. (இந்த இடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன்.) அவாவும் நல்லவாதான். ஆனால் கரையில், மீன்பிடிக்கிற ஆட்களிடம் பெண் எடுப்பதில் அவாவுக்கு அந்த நேரம் விருப்பம் இருக்கவில்லை. “வேதம் ஒண்டெண்டாப் போதுமோ? சட்டியும் ஒண்டா இருக்க வேணுமெல்லே” என்று மகனிடம் சொன்னாவாம். ஜெனிற்றா அதை எங்களிடம் சொல்லிவிட்டு அழுதாள். அந்த வீட்டில் எங்கள் பக்கம் நின்றவர் செபமாலை ஐயா ஒருவர்தான். அவரை இழந்தால் கல்யாணம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது கதிரையின் விளிம்பில் இருந்தேன். பிலோமினா கதைக்க வேண்டியதெல்லாம் கதைத்தாள். றெஜினா அம்மா தேத்தண்ணியும் விசுக்கோத்தும் கொண்டுவந்து வைத்தா, சிரிக்கவில்லை. நான் விசுக்கோத்தைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தேன். பாதி முறிந்து அடியில் போய்விட்டது. புது வெள்ளைக் கோப்பை. விரலை விட்டு எடுப்பதா, அப்படியே விழுங்குவதா என்று நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது ஐயா எழும்பினார்.

“பேதுரு, வாங்கோ, உங்களுக்கெண்டு ஒரு சாமான் காட்டுறன். கடல் ஆக்களுக்குத்தான் இதின்ர அருமை தெரியும்.”

கோப்பையையும் கையில் பிடித்தபடி போனேன். (வைத்துவிட்டுப் போனால் றெஜினா அம்மா உள்ளே பார்த்துவிடுவா.) முன் விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் ஒரு மரக்கப்பல். அடியில் முதுகெலும்புபோல ஏராக்கட்டை வைத்து, அதன்மேல் விலா எலும்புகள்போல வளைந்த சட்டங்களை வரிசையாக நிறுத்தி, மேல்பாதிக்கு மட்டும் ஈர்க்கு ஈர்க்காகப் பலகை பதித்திருந்தார். கீழ்ப்பாதி வெறும் சட்டம். உள்ளே விரல் விடலாம். பக்கவாட்டில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள் வரிசையாக இருந்தன. பாய்மரம் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னத் தகர ரின்.

ஐயா அதைப்பற்றி நெடுநேரம் விளக்கினார். அந்த விளக்கத்தைப் பின்னர் நான் கனதரம் கேட்டிருக்கிறேன், மனப்பாடமாகவே தெரியும். அது முன்னொரு காலத்தில் ஒரு வெள்ளைக்கார ராசாவுக்காகக் கட்டிய போர்க்கப்பல். அப்போதெல்லாம் பெரிய கப்பலைக் கட்டுவதற்கு முன்னால் இப்படி ஒரு சின்னக் கப்பல் செய்து ராசாவுக்குக் காட்டுவார்களாம். உள்ளே சட்டம் கட்டிய விதம் தெரியவேண்டும் என்பதற்காகக் கீழ்ப்பாதிக்குப் பலகை அடிக்காமல் வேண்டுமென்றே திறந்து விடுவார்களாம். அதுதான் அதன் அழகாம். சதுர ஓட்டைகள் பீரங்கி வாய் நீட்டுவதற்காம்.

அன்றைக்கு இதில் ‘போர்க்கப்பல்’ என்பதைத் தவிர ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தும்போதெல்லாம் “ஓம் ஐயா” என்றேன்.

கடைசியில் அவர் கைகளை நீட்டிக் காட்டினார். இரண்டும் நடுங்கின.

“இப்ப ரெண்டு வருசமா இப்பிடி. ஒரு நூல் கோர்க்க ஏலாது. இனிப் பாய்மரமும் கயிறும்தான் மிச்சம். பிறகு உந்த ரின்னில கிடக்கிறதுகளைப் பூட்டவேணும். உங்கட கை பழகின கை. செய்து தருவியளோ?”

இதுமட்டும் கேட்டது. மரவேலை எனக்குத் தெரியாது, நான் பிளாஸ்ரிக் ஒட்டுகிறவன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் விறாந்தைக் கதவடியில் றெஜினா அம்மா வந்து நின்றா.

“ஓம் ஐயா,” என்றேன்.

“நாள் குறிக்க வரேக்க நாங்கள் வந்து எடுக்கிறம்,” என்றார் ஐயா. அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. என் கண்களும்தான். விசுக்கோத்துக் கூழை ஒரே மடக்கில் விழுங்கியிருந்தேன்.

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை பஸ்ஸில் அந்தக் கப்பல் என் மடியில் வந்தது. குழிக்குக் குழி நான் எழும்பி எழும்பி இருந்ததில் வீட்டுக்கு வந்தபோது எனக்குத்தான் சட்டம் கழன்றிருந்தது. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு ஆகவேண்டியது வீட்டில் காத்திருந்தது.

பாய்மரத்தையும் கயிற்றையும் முதலில் முடித்தேன். அதைப்பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் நன்றாகத்தான் வந்தது. கிழிந்த வலை பொத்திய கைக்கு முடிச்சுப் போடுவது ஒரு வேலையா? அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் வேலை செய்யும்போதெல்லாம் கண் கீழேதான் போனது. திறந்து கிடக்கிற அடி, வரிசையாக ஓட்டை. ஒரு வள்ளத்தை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து மீன்வாடியில் இருக்கிற என் சிநேகிதன் தாசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவன். கப்பலைத் தூக்கி அடியைப் பார்த்தான்.

“என்ன மச்சான், மனுசன் பாதியில விட்டிட்டார்?”

“கை நடுங்குதாமடா.”

“பாவம். அப்ப இந்த ஓட்டையள்? இதென்ன கோழிக்கூடோ?”

“போர்க்கப்பலாம்.”

தாசன் என்னைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். “போர்க்கப்பல் நான் காணாததோடா? அது சாம்பல் நிறமெல்லோ. முன்னுக்கு ஒரு குழாய் நிக்கும். அதைக் கண்டா நாங்கள் வலையை வெட்டிப்போட்டு வீட்டை ஓடுவம். இதைக் கண்டு ஆர் ஓடுறது? ஐயா உனக்குப் பகிடி விட்டிருக்கிறார்.”

எனக்கும் அது சரியென்று பட்டது. ஐயா ஒரு படமும் தந்திருந்தார். அதில் இருந்தது இங்கிலிஸ், எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்திலும் கீழ்ப்பாதிக்குப் பலகை இல்லை. அதைப் பார்த்து எனக்கு விளங்கியிருக்கவேண்டும். விளங்கவில்லை. படம் கீறினவருக்கும் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

பிலோமினா மட்டும் ஒருதரம் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, ஐயா இதையெல்லாம் மூடச் சொன்னவரோ?”

“அவர் சொன்னதுக்கெல்லாம் நான் ஓம் எண்டனான்.”

“அதுசரி, என்ன சொன்னவர்?”

“பிலோ, ஒரு வயசுபோன மனுசன் ஏலாமல் விட்ட வேலை. நாங்கள் சம்பந்தி ஆகப்போற ஆக்கள். கேட்டதை மட்டும் செய்து குடுத்தா அது கூலி வேலை. கேளாததையும் செய்தாத்தான் உறவு.”

இவ்வளவு நீளமாக நான் வாழ்க்கையில் கதைத்தது குறைவு. பிலோமினா அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். இப்போது அந்த வசனத்தை அவள்தான் எல்லோருக்கும் சொல்லிக்காட்டுகிறாள், என் குரலிலேயே.

மீன்பெட்டிப் பலகையை மெல்லிசாகச் சீவி அடியை மூடினேன். சதுர ஓட்டைகளுக்கு ஒவ்வொன்றாகக் கட்டை வெட்டி இறுக்கினேன். அந்த ஓட்டைகள் ஒன்றும் ஒரே அளவு இல்லை என்று நினைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தேன், எல்லாம் ஒரே அளவுதான். கண் பூளை தள்ளியது, கழுத்துப் பிடித்தது. பிறகு அடி முழுவதற்கும் பைபர் மற் வைத்து, றெசின் தடவி, காயவிட்டு, தேய்த்தேன். ஐயா வருடக்கணக்காகச் செதுக்கிய சட்டங்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. கப்பலின் அடி பூசணிக்காய்போல வழுவழுவென்று இருந்தது. தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

அடியை மூடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். பாய்மரம் உயரமான வள்ளத்துக்கு அடியில் பாரம் வேண்டும், இல்லாவிட்டால் கவிழும். என்ன போடலாம் என்று தேடியபோது ஐயா கப்பலோடு தந்துவிட்ட ரின் ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தேன். தீக்குச்சி நீளத்தில் பித்தளைத் துண்டுகள். ஒருபக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு, நடுவில் துளை. வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயம் மாதிரியே இருந்தன. பித்தளையில் ஈயம் செய்திருக்கிறாரே, கைதாராளமான மனிதர் என்று நினைத்தேன். ‘ரின்னில கிடக்கிறதுகளைப் பூட்டவேணும்’ என்று அவரே சொன்னாரல்லவா? எல்லாவற்றையும் அடியில் அடுக்கி மேலே றெசின் ஊற்றினேன். றெசின் போதாமல் போய்விட்டது. சில ஒட்டாமல் கிடந்து உருண்டன. உருண்டால் என்ன, பாரம் பாரம்தானே என்று மூடிவிட்டேன்.

பிறகு வெளியே நீல நிறம் பூசினேன்.

இனிப் பெயர். எங்கள் கரையில் பெயர் எழுதாமல் எந்த வள்ளமும் தண்ணீரில் இறங்காது. அந்தோனியார் என்றோ மாதா என்றோ எழுதுவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரியின் பெயரையோ மகளின் பெயரையோ எழுதுவார்கள். பெயரில்லாத வள்ளத்தில் ஏற ஆட்கள் வரமாட்டார்கள். ஐயா இதற்கு ஒரு பெயரும் எழுதவில்லை. (வெள்ளைக்கார ராசாவின் பெயர் பின்பக்கத்தில் பொன் எழுத்தில் கீறியிருந்ததாம். அது அலங்காரம் என்று நினைத்து அதன்மேலும் பூசியிருந்தேன்.) எனக்குப் பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முன்பக்கத்தில் வெள்ளை நிறத்தால், என் கோணல் எழுத்தில் ‘றெஜினா’ என்று எழுதினேன்.

நாள் குறிக்க அவர்கள் வானில் வந்தார்கள். ஐயா, றெஜினா அம்மா, ஜூட், அவர்களோடு எங்கள் ஜெனிற்றா. பிலோமினா விடியவே எழும்பி நண்டுக்கறியும் இறாலும் வைத்திருந்தாள். றெஜினா அம்மா முற்றத்தில் இறங்கும்போதே மீன் மணத்துக்கு லேஞ்சித் துணியை மூக்கில் வைத்திருந்தா.

“பேதுரு, எங்க என்ர கப்பல்?” என்றார் ஐயா, கதிரையில் இருக்காமலே.

“கிணத்தடியில ஐயா.”

“கிணத்தடியிலயோ?”

எங்கள் கரையில் திருத்திய வள்ளத்தைச் சொந்தக்காரன் கையில் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அவன் வருவதற்கு முன்னாலேயே வள்ளத்தைத் தண்ணீரில் விட்டிருக்கவேண்டும். அவன் வந்ததும், அவன் கண்முன்னால், திருத்தினவன் உள்ளே இறங்கி ஒரு காய்ந்த துணியால் அடியைத் துடைத்து, அந்தத் துணியை அவன் கையில் கொடுக்கவேண்டும். துணி ஈரமில்லாமல் இருந்தால் வேலை சுத்தம். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என்னைப்போன்ற ஆட்களுக்கு மிகவும் வசதியான முறை.

கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. காற்றுக்கு மெதுவாகத் திரும்பியது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு பக்கமும் சரியவில்லை. ஐயா தொட்டியடியில் வந்து நின்றார். கண்ணாடியை ஒருதரம் துடைத்துப் போட்டார். சந்தோசத்தில் வாய் எழும்பவில்லை என்று நினைத்தேன். நான் ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, மேல்தட்டில் இருந்த வாசலால் உள்ளே விட்டு நன்றாகத் துடைத்து எடுத்து, குனிந்து அவர் கையில் கொடுத்தேன்.

துணி அவர் கையில் நடுங்கியது.

“இதென்ன?”

“துணி ஐயா. ஈரமில்லை. தொட்டுப் பாருங்கோ.”

அவர் தொடவில்லை. “பேதுரு, இதில சட்டங்கள் இருந்தது. எங்க?”

“எல்லாம் உள்ளதான் இருக்கு. ஒண்டும் குறையேல்லை ஐயா. பத்திரமா மூடியிருக்கிறன்.”

“மூடி... அது தெரியிறதுக்கெல்லே திறந்து விட்டது. நான் சொன்னனானெல்லே? நீங்கள் ஓம் ஓம் எண்டியளே!”

நான் குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். ஐயா தொட்டிக்குள் கையை விட்டுக் கப்பலைத் தூக்கினார். கைநடுக்கத்தில் அது ஆடியது. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம்.

“இதென்ன சத்தம்?”

“அது... ரின்னில கிடந்ததுகள் ஐயா.”

“பீரங்கியோ?”

அந்தக் கப்பலில் பீரங்கி உண்டு என்று நான் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டேன். (முன்னமும் சொன்னவர்தான், நான் விசுக்கோத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.) “பீரங்கி எண்டு தெரியாது ஐயா. நான் ஈயம் எண்டு நினைச்சு...”

“பீரங்கிக்கு வயித்துக்குள்ள என்ன வேலை?”

“பாரத்துக்கு ஐயா.”

ஜூட் கிணற்றுக்கட்டுக்கு மறுபக்கம் போய்விட்டான், அவன் முதுகு குலுங்கியது. ஜெனிற்றா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும். பிலோமினா தலையில் கை வைத்தபடி நின்றாள். ஐயாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. இவ்வளவு காலம் எங்கள் பக்கம் நின்ற ஒரே மனிதர். அவருடைய முகத்தை நான் அடைத்துவிட்டேன். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன். விழுங்கினாலும் அந்தப் பிளவை ஒட்டுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

றெஜினா அம்மா. லேஞ்சி நிலத்தில் கிடந்தது. அவா கிணற்றுத் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு எடுக்க முடியாமல் சிரித்தா. அந்த மனுசி சிரிக்கும் என்று எங்களில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

“எத்தனை வருசம்! தூசி தட்டக்கூடாது, காத்தாடி போடக்கூடாது, பிள்ளையள் ஓடக்கூடாது. ஓட்டையைக் காட்டி ஓட்டையைக் காட்டி வாற சனத்தையெல்லாம் கொல்லுறவர். ஒரு மனுசன் வந்து எல்லாத்தையும் அடைச்சு விட்டார்!”

“றெஜினா, நீர் பேசாமல் இரும்,” என்றார் ஐயா.

“இருக்கமாட்டன். இஞ்ச தாங்கோ பாப்பம்.”

கப்பலை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பினா. முன்பக்கம் அவாவின் கண்ணுக்கு நேரே வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“இது ஆர் எழுதினது?”

நான் குனிந்து வாளியைத் தேடினேன். பிலோமினாதான் சொன்னாள். “இவர்தான் அக்கா. எங்கட பக்கம் வீட்டுக்காரியின்ர பேரைத்தான் வள்ளத்துக்கு வைக்கிறது. கோணலாப் போச்சு, குறை நினையாதையுங்கோ.”

றெஜினா அம்மா அந்தக் கோணல் எழுத்தை விரலால் தடவினா. நீல நிறம் விரலில் ஒட்டவில்லை. (நன்றாகக் காயவிட்டிருந்தேன்.) பிறகு ஐயாவைத் திரும்பிப் பார்த்தா.

“ஆரோ ஒரு வெள்ளைக்கார ராசாவின்ர பேரைக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்து எழுதினியள். என்ர பேரை எங்கையாலும் எழுதினியளோ? காணி உறுதியிலகூட இல்லை.”

ஐயா அந்தக் காய்ந்த துணியால் ஈரக் கையைத் துடைத்தார். 

“பிலோமினா,” என்றா றெஜினா அம்மா, “கறி ஆறப்போகுது. வாரும், சாப்பிட்டிட்டு நாளைக் குறிப்பம்.”

நாள் குறித்தோம். அவாதான் குறித்தா. நண்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டே குறித்தா, லேஞ்சியைத் தேடவில்லை. ஐயா ஒரு பிடி சோறு சாப்பிட்டார். போகும்போது கப்பல் பிலோமினாவின் புதுத் துவாயில் சுற்றி அவர் மடியில் இருந்தது. வான் குழியில் விழுந்தபோது கடகடவென்று கேட்டது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கல்யாணம் நடந்தது. ஐயா எல்லோரோடும் கதைத்தார், என்னோடு கதைக்கவில்லை. கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்னோடு கதைக்க ஆசைப்பட்ட ஒரே படித்த மனிதர் அவர். நானாக ஆரம்பித்து மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ தடவை வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன், வீட்டுப் படலை வரை வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் தேத்தண்ணி வரும். விசுக்கோத்தைத் தொடாமல் குடித்துவிட்டு வந்துவிடுவேன். கப்பல் அதே கண்ணாடி அலுமாரியில்தான் இருந்தது. றெஜினா அம்மா முன்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்திருந்தா. ஐயா அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் இருப்பார்.

மற்றவர்கள் விடவில்லை. சட்டியில் ஓட்டை விழுந்தால், “அப்பாவிட்டக் குடுங்கோ, பீரங்கியையும் போட்டு மூடித் தருவார்.” ஜெனிற்றா மூக்கு மின்னி வாங்கியபோது மூக்குக் குத்துகிற ஆளிடம் ஜூட், “மாமாவுக்குத் தெரியாமல் குத்துங்கோ” என்றானாம். தாசன் எங்கே கண்டாலும், “மச்சான், உன்ர கப்பலைக் கண்டு ஓடினது நீ ஒருத்தன்தான்” என்பான். நான் சிரிப்பேன். களைத்துப்போய்ச் சிரிப்பது எப்படி என்று எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

பிறகு பேத்தி பிறந்தாள்.

அது அழுகைப் பிள்ளை. ஞானஸ்நானத்துக்காக நாங்கள் வவுனியாவுக்குப் போயிருந்த அன்று, கோயிலால் வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. ஜெனிற்றா ஆட்டிப் பார்த்தாள், பிலோமினா தாலாட்டிப் பார்த்தாள், றெஜினா அம்மா விளக்கைக் காட்டினா. ஒன்றுக்கும் மசியவில்லை. எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டியிருந்ததால் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். விறாந்தையில் நானும், பிள்ளையும், முதுகு காட்டியபடி ஐயாவும். எனக்குத் தாலாட்டத் தெரியாது. கூச்சம் வேறு. பிள்ளை வீரிட்டது.

ஐயா எழும்பினார். அலுமாரியைத் திறந்தார். கப்பலை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தார். அவர் கை முன்னையைவிடக் கூடுதலாக நடுங்கியது. அவர் ஆட்டத் தேவையில்லை, பிடித்திருந்தாலே போதும். உள்ளே கடகட, கடகட என்று உருளத் தொடங்கியது.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஐயாவும் நானும் மூச்சுவிடாமல் இருந்தோம். கொஞ்சநேரத்தில் அதன் கண்கள் சொருகின. வாயைத் திறந்தபடியே நித்திரையாகிவிட்டது.

ஐயா கப்பலை மடியில் வைத்துக்கொண்டார். அது அவர் கையில் இன்னும் மெதுவாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“பேதுரு,” என்றார். கிணற்றடிக்குப் பிறகு அவராக என் பெயரைச் சொன்னது அதுதான் முதல்தரம். “எங்கட பிள்ளையள் வளரேக்க பீரங்கிச் சத்தம் கேட்டா நித்திரை இல்லை.”

“ஓம் ஐயா.”

“இவள் அந்தச் சத்தத்துக்குத்தான் நித்திரை கொள்ளுறாள்.”

இந்தத் தடவை நான் முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் ‘ஓம்’ என்றேன்.

இப்போது வீட்டில் எல்லோரும் மடு மாதா திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு வள்ளம் ஒட்டிக் கிடக்கிறது, காயும்வரை காவல் இருக்கவேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டேன். வானுக்குள் இந்த நேரம் யாராவது கதையைத் தொடங்கியிருப்பார்கள். கப்பலும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். பேத்தி அதை மடியில் வைத்துக்கொண்டுதான் போகிறாள், அது இல்லாமல் அவள் எங்கும் வரமாட்டாள். பாய்மரம் முறிந்துவிட்டது. முன்பக்கத்துப் பெயர் பாதி அழிந்துவிட்டது, திருப்பி எழுதித் தரச்சொல்லி றெஜினா அம்மா சொல்லியிருக்கிறா. அடி மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி யாராவது என்னிடம் கப்பல் கதை கேட்டால் இந்தக் கடதாசியைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போவேன்.

ஆவணி 15, பின்னேரம்.